தலை ஆடிக்குக் கூப்பிடப் போன கதை

1

இதை எழுத ஒருவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் இந்த வரியை இரண்டாவது தடவையும் படிப்பார்கள். அனுமதி கொடுத்தவள் என் மகள் பவித்ரா. ஊரில் யார் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் அவளே போன் போட்டுச் சொல்லி முடித்த பிறகுதான் நான் எழுத உட்கார்ந்தேன்.

ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் நடுவில் உள்ள ஓர் ஊரில் பிறந்து, குமாரபாளையத்தில் வாக்கப்பட்டவள் நான். நூல் மில் மிஷின் பொருத்தும் வேலைக்கு என் வீட்டுக்காரரை ஒரு கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்பியது. இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்போது கைக்குழந்தையாக வந்த பவி இங்கேயே பள்ளிக்கூடம் போய், இங்கேயே வேலைக்குப் போய், இங்கேயே யோனாஸ் என்கிற பையனைப் பார்த்து, போன கார்த்திகையில் ராசிபுரத்து மண்டபத்தில் அவனுக்கு மாலை போட்டாள். மாப்பிள்ளை வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டியிருந்தான். அது நழுவவில்லை என்பதைத் தவிர ஊரில் யாருக்கும் அவன்மேல் குறை இல்லை.

நான் வேலை செய்வது ஒரு ரொட்டிக் கடையில். விடியுமுன் போய் மதியம் முடித்து, டிராமுக்கு நடக்கிற நேரத்தில் தினமும் ஊருக்குப் போன் போடுவேன். எடுப்பவர் நங்கை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். எனக்கு மூன்று அண்ணன்கள். மூன்று குடும்பமும் அவர்கள் பிள்ளைகளும் மருமகள்களும் இன்றைக்கும் ஒரே அடுப்பில்தான் சாப்பிடுகிறார்கள். அந்த அடுப்புக்கு அதிகாரி பெரிய அண்ணன் மனைவியான இந்த நங்கை. என் வீட்டில் இன்று என்ன குழம்பு, என் எந்த முழங்காலில் வலி, எல்லாம் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் வீட்டுக்குத் தெரியும். வீட்டுக்குத் தெரிந்தால் பரமத்தி வேலூர் வரைக்கும் தெரியும், ஏனென்றால் சின்ன நங்கைக்கு அங்கேதான் பிறந்த வீடு.

ஆனி முதல் வாரத்தில் ஒரு நாள் நங்கை கேட்டார்.

"தலை ஆடி வருதே அம்மிணி. சம்பந்தி ஊட்டுக்குப் போயிக் கூப்புட்டீங்களா?"

"போன்ல சொல்லிக்கலாமுங்க. ரயில்ல ரெண்டு மணி நேரந்தான். அவளே நெனச்சா வந்துட்டுப் போறா."

"நெனச்சா வாரது வேற, கூப்புட்டு வாரது வேற. கண்ணாலமாகி மொத ஆடி. தட்டத்தோட போயிச் சம்பந்திகிட்டக் கேட்டு, புள்ளைய மாசம் பூரா ஊட்டுல வெச்சுக்கோணும். ஏன், ஜெர்மனிக்கு ஆடி வராதாக்கும்?"

வராது. அதை நங்கையிடம் சொல்லிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

2

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. ஆடி என்றால் எங்கள் வீட்டில் ஆள் மாற்றம். புதிதாகக் கல்யாணமான பெண் பிறந்த வீட்டுக்கு வருவாள், புதிதாக வந்த மருமகள் தன் பிறந்த வீட்டுக்குப் போவாள். புதுசு இல்லாதவர்களும் அந்தச் சாக்கில் கிளம்பிவிடுவார்கள். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு வருஷம் என் அக்கா இறங்கிய அதே பஸ்ஸில் நங்கை ஏறினார். அடுத்த ஒரு வாரம் வீட்டில் இருந்த பெண்களில் ஒருவருக்கும் பெருங்காயம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

ஆடி முதல் தேதி தேங்காய் சுடுவோம். சேலம், நாமக்கல், ஈரோடு தாண்டினால் இப்படி ஒரு நோம்பி இருப்பதே பல பேருக்குத் தெரியாது. இங்கே ஒரு மதுரைக்காரரிடம் சொன்னேன். "தேங்காயைச் சுடுறதா, எதுக்கு?" என்றார். எதற்கு என்று எனக்கும் தெரியாது. நாரை உரித்து, ஓட்டைத் தரையில் வழவழவென்று தேய்த்து, ஒரு கண்ணை மட்டும் குத்தித் தண்ணீரை இறுத்துவிட்டு, அதற்குள் பொட்டுக்கடலை, எள்ளு, அவல், பச்சைப்பயறு, வெல்லம் எல்லாவற்றையும் போட்டு, கொஞ்சம் தண்ணீரைத் திரும்ப ஊற்றி, அழிஞ்சிக் குச்சியால் அடைத்து, மஞ்சள் பூசி நெருப்பில் காட்டுவோம். ஓடு வெடிக்கும்போது எடுத்துப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுவோம். முகமெல்லாம் கரியாகும். அவ்வளவுதான்.

அந்த வீட்டை நினைத்து நான் ஏங்கிக்கொண்டிருக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே ஒரு கதவைச் சாத்தினால் உடம்பு சரியில்லையா என்று மூன்று பேர் வந்து தட்டுவார்கள். அழ வேண்டும் என்றால் வெங்காயம் உரிக்கும் முறை வரும்வரைக்கும் காத்திருக்க வேண்டும். சொந்தமாக ஒரு துக்கத்தை வைத்துக்கொள்ள அந்த வீட்டில் இடம் கிடையாது. அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இடம் உண்டு.

3

சம்பந்தி வீட்டுக்கு இந்த நாட்டில் சும்மா போய் நிற்க முடியாது. கேட்டோம். இரண்டு வாரம் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணிக்கு, காபிக்கு வரலாம் என்றார்கள். ஆடி பிறக்கச் சரியாக ஒரு வாரம் இருந்தது. ஈழத்துக்காரர் கடையில் வெற்றிலை, வாழைப்பழம், தேங்காய், மஞ்சள், குங்குமம் வாங்கி, ஒரு தட்டத்தில் பவிக்குப் புடவையும் இன்னொன்றில் மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டையும் வைத்து, ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்று மூன்றாவது தட்டத்தில் அதிரசமும் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினோம். டிக்கெட் பரிசோதகர் தட்டங்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், விற்பனைக்கா என்று கேட்டார். இல்லை, மகளைக் கூப்பிடப் போகிறோம் என்றேன். அவர் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

சம்பந்தி ஹெல்கா ஓய்வு பெற்ற டீச்சர். அவர் கணவர் யூர்கன் கேக்கைக் கூட அளந்து வெட்டுகிற ஆள். பவியும் யோனாஸும் அதே ஊரில் வேறு வீட்டில் இருக்கிறார்கள், அன்றைக்கு அவர்கள் வரவில்லை. நான் ரயிலிலேயே மனப்பாடம் செய்துவைத்த வாக்கியத்தைச் சொன்னேன். "எங்கள் மகளை ஒரு மாதத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம்."

கடையில் வாங்கிய சாமான் சரியில்லை என்றால் சொல்கிற வாக்கியம் அது என்று என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அப்போது அவர் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யூர்கன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "யோனாஸ் ஏதாவது தப்பு செய்துவிட்டானா?"

"ஐயோ, இல்லை. எங்கள் வழக்கம். முதல் வருஷம் இந்த மாதத்தில் பெண் அம்மா வீட்டில் இருக்க வேண்டும். புருஷன் கூட இருக்கக் கூடாது."

"ஏன் இந்த மாதம்?"

நியாயமான கேள்வி. ஊரில் யாரும் கேட்டதில்லை. ஆனால் பதில் எல்லோருக்கும் தெரியும். சொன்னேன். இந்த மாதம் கரு உண்டானால் குழந்தை சித்திரையில் பிறக்கும், சித்திரை வெயில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது, அதனால் இந்த ஒரு மாதம் அவள் உண்டாகாமல் இருப்பது நல்லது.

"ஏப்ரலில் இங்கே சில சமயம் பனி பெய்கிறது" என்றார் யூர்கன். அதற்கும் தலையாட்டினேன்.

அப்போதுதான் ஹெல்காவைப் பார்த்தேன். கண்ணெல்லாம் தண்ணீர். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியானால் பவி உங்களிடம் சொல்லிவிட்டாள். எனக்கு நிம்மதி. அம்மாவிடம் சொல் என்று எத்தனை தடவை சொன்னேன். இப்போதைக்கு அவள் மறுபடி உண்டாகாமல் இருப்பதுதான் நல்லது, நீங்கள் சொல்வது சரி. அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள்."

நான் தலையாட்டினேன். இந்த நாட்டில் யார் வேகமாகப் பேசினாலும் நான் முதலில் தலையாட்டிவிட்டுப் பிறகுதான் புரிந்துகொள்வேன். ஹெல்கா பேசிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரி என்றார். மே மாதம் என்றார். நான்கு மாதம் தாண்டியிருந்தது என்றார். என் வீட்டுக்காரருக்கு என்னைவிட ஜெர்மன் நன்றாகத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. என் மகள் உண்டாகியிருந்தாள், அது கலைந்து போயிருந்தது. இரண்டுமே எனக்குத் தெரியாது.

தலையாட்டுவதை நான் நிறுத்தியதும் ஹெல்காவுக்கும் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். அவளாகச் சொல்லும்வரைக்கும் நாங்களாகக் கேட்கக் கூடாது என்று கெஞ்சினார். சரி என்று சொல்லிவிட்டு, அந்தக் கேக்கை முழுவதும் சாப்பிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் என் வீட்டுக்காரர் சொன்னார், "ஊருக்குச் சொல்லிராத."

"நான் ஏனுங்க சொல்றேன்?"

அவர் இரண்டு ஸ்டேஷன் வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

4

ஆடி முதல் தேதி பவியும் யோனாஸும் வந்தார்கள். எங்கள் குடியிருப்பில் அடுப்பு மூட்ட முடியாது. ஊருக்கு வெளியே தோட்டச் சங்கத்துக்காரர்கள் வாடகைக்கு விட்ட ஒரு துண்டுத் தோட்டம் எங்களுக்கு உண்டு. வேலி எவ்வளவு உயரம் இருக்கலாம், புல் வெட்டும் மிஷினை எந்த நேரத்தில் ஓட்டலாம் என்பதற்கெல்லாம் அங்கே சட்டம் இருக்கிறது. புகை கிளம்பியதும் சங்கத் தலைவர் வந்துவிட்டார்.

"என்ன எரிக்கிறீர்கள்?"

"தேங்காய்."

அவர் நீண்ட நேரம் யோசித்தார். தோட்டக் கழிவு எரிக்கக் கூடாது. குப்பை எரிக்கக் கூடாது. இறைச்சி சுடலாம். தேங்காய் எதில் வரும் என்று அவருக்குத் தெரியவில்லை. "உணவா?" என்றார். "சாமிக்கு உணவு, அப்புறம் எங்களுக்கு" என்றான் யோனாஸ். அவனுக்கு அழிஞ்சிக் குச்சி கிடைக்காத கவலை. பக்கத்து வேலியில் ஹேசல் என்கிற புதர்ச்செடியின் குச்சி ஒடித்து, சங்கச் சட்டத்தில் அதற்கும் இடம் இருக்கிறதா என்று தலைவரிடமே கேட்டான். தலைவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசி வரைக்கும் இருந்து, ஒரு மூடியும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பவி சிரித்தாள். தலைவரோடு வந்த நாயைப் பார்த்து "வாங்க, வாங்க" என்றாள். எங்கள் வீட்டில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடக் கேட்டு வளர்ந்தவள், நாய்க்கும் மரியாதை குறைக்க மாட்டாள். மெலிந்திருந்தாள். ஆனியிலேயே பார்த்தேன், வேலை அதிகம் என்றாள், நம்பினேன். அதே ஊரில் இருக்கிற மாமியார் அழுதிருக்கிறாள், பெற்ற நான் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தேன் என்று ஒரே ஆத்திரம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மாலையில் யோனாஸ் புது வேட்டியோடு தனியாக ரயில் ஏறினான். பெல்ட் கட்டியிருந்தான்.

5

அவள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டியதில்லை. பவி வயதுக்கு வந்த அன்று குளியலறைக் கதவிடுக்கில் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். நான் நங்கையிடம் மட்டும்தான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் மூன்று தாய்மாமன்களும் வாழ்த்துச் சொல்ல லைனில் வந்தார்கள். சின்ன நங்கையின் அப்பா பரமத்தி வேலூரிலிருந்து போன் போட்டு, வெல்லம் போட்ட உளுந்தங்களி கொடுக்கச் சொன்னார். பவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நல்ல சேதியைச் சொல்வதில் என்ன தப்பு என்று நான் இன்றைக்கும் கேட்பேன். ஆனால் கெட்ட சேதியை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

பவி பகலில் தன் பழைய அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்த்தாள். கதவு சாத்தியே இருந்தது. நான் தட்டவில்லை. இது எனக்குச் சாதாரணக் காரியம் இல்லை, கை தானாகப் போகும். அதற்குப் பதிலாகச் சமைத்தேன். பூண்டுக் குழம்பு, பத்தியக் கருவாடு, சுக்குக் கருப்பட்டிக் காபி, உளுந்தங்களி. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதையெல்லாம் ஒன்று விடாமல் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் கிண்ணம் கிண்ணமாகப் பூண்டு உரித்துக் கொடுத்தார். பவியும் எதற்கு என்று கேட்காமல் சாப்பிட்டாள்.

சிக்கல் மதியம் வந்தது, டிராமுக்கு நடக்கிற நேரத்தில்.

"இன்னிக்கு என்ன கொழம்பு?"

பூண்டுக் குழம்பு, பத்தியக் கருவாடு என்று தொடர்ந்து நான்கு நாள் சொன்னால் போதும். நங்கை ஐந்தாம் நாள் தேதி உட்பட எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார். அந்த அடுப்பில் எத்தனை பிள்ளைப்பேற்றுக்குச் சமைத்தவர்! "சாம்பாருங்க" என்றேன். மறுநாளும் சாம்பார் என்றேன். ஆடிப் பெருக்கு அன்றைக்குக் கூடச் சாம்பார் என்றேன்.

"ஏன் தெனமும் சாம்பாரையே வெச்சுக்கிட்டுக் கெடக்கறே? புள்ள வந்திருக்குது, வாய்க்கு ருசியா ஆக்கிப் போட மாட்டயா?"

"அவளுக்குப் புடிக்குமுங்க."

"உனக்குத்தான் என்னமோ, வாயக் கட்டறே. சுகர் வந்துருச்சா? மறைக்காதே. பெரிய டாக்டரைப் பாரு."

அந்த வாரமே வீட்டில் எல்லோருக்கும் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்துவிட்டது. பெரிய அண்ணன் வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொன்னார். குடும்பக் குரூப்பில் பாகற்காய் படம் வந்தது. நான் எல்லாவற்றுக்கும் நன்றி என்று போட்டேன். அதுவரைக்கும் நங்கையிடம் நான் எதையும் மறைத்ததில்லை.

6

ஆவணி பிறந்த அன்று எனக்கு விடுமுறை. நான் போன் போடாததால் நங்கையே கூப்பிட்டார். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன், அதனால் பவிதான் ஸ்பீக்கரை அழுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினாள்.

"ஆவணி பொறந்துருச்சே அம்மிணி. புள்ளையக் கொண்டுபோயி உட்டாச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"ஏனாம்? மாப்பிள்ளைகூட ஏதும் மனத்தாங்கலா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தெனமும் பேசறாங்க. ஞாயித்துக்கிழம வாரேன்னு சொல்லியிருக்கறாரு."

"அப்பறம் என்ன? விசேஷம் ஏதாச்சும் இருக்குதா?" குரல் குழைந்தது. "இருந்தா எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன சாமி?"

கத்திச் சத்தம் நின்றது. பவி என்னைப் பார்க்கவில்லை. வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பார் என்று சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்கு அலுத்துவிட்டது.

"உங்ககிட்ட ஒண்ணை மறைக்கறனுங்க நங்கை."

"என்னது?"

"சொல்ல முடியாதுங்க. அது என்னோடது இல்லை. எனக்குச் சுகரும் இல்லை."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம், யாரோ பிள்ளையை அதட்டுகிற சத்தம், கோழி.

"சரி உடு" என்றார் கடைசியில். "புள்ள நல்லா சாப்புடறாளா?"

"சாப்புடறாளுங்க."

"அது போதும்." வைத்துவிட்டார். எப்போதும் நான்தான் முதலில் வைப்பேன்.

பவி கத்தியைக் கீழே வைத்தாள். "ஹெல்கா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணிட்டாம்மா. வாய் தவறிச் சொல்லிட்டேன்னு அழுதா. உனக்குத் தெரியும்னு எனக்கு மொதல்ல இருந்தே தெரியும்."

"அப்பறம் ஏன் கண்ணு பேசல?"

"தெனமும் குரூப்பைப் பாத்துட்டு இருந்தேன். இன்னைக்கு மாமா கூப்பிடுவாரு, நாளைக்கு எல்லாரும் வீடியோல வந்து அழுவாங்கன்னு. பாகக்கா படம்தான் வந்துச்சு." சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதியில் உடைந்துவிட்டது.

மாவுக் கையோடு போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்குத்தான் என் மகள் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று மாதம் தாண்டட்டும், ஸ்கேன் பார்க்கட்டும், நேரில் வந்து சொல்லலாம் என்று தள்ளிப் போட்டதைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் யோனாஸ் நாற்காலியிலேயே தூங்கிப்போனதைச் சொன்னாள். பெண் குழந்தை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். நான் இடையில் எதுவும் கேட்கவில்லை, அழுதேன், அவள் சொல்லி முடிக்கும்வரைக்கும் வெங்காயம் அப்படியே கிடந்தது.

"பேரு வச்சிருந்தோம்மா. தமிழ்ப் பேரு. நான்தான் வச்சேன். ஆனா யோனாஸுக்கு அந்த 'ழ' வரல, ஹெல்காவுக்கும் வரல. அவங்க சொல்றப்ப வேற யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கும்."

என்ன பெயர் என்று சொன்னாள். இங்கே அதை எழுத மாட்டேன். நங்கைக்கும் தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

நான் அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

பவி கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னொரு தடவை சொல்லும்மா."

சொன்னேன்.